ஓஎஸ்ஜிஐயில் ஒரு சேர்வ்லெட்டைக் குறித்த கனெக்டரில் மட்டும் இயங்க வைப்பது: முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஓடும் இரவு பஸ்களுக்கு ஆசனம் பதியும் ஒரு மென்பொருளை எடுத்துக்கொள்வோம். பயணிகள் ஃபோனில் திறக்கும் பக்கங்கள் சில: எந்த பஸ், எத்தனை மணிக்கு, எந்த ஆசனம் காலி என்பவை. புக்கிங் கந்தோரில் இருப்பவர்களுக்கு மட்டும் உரிய பக்கங்கள் வேறு: ஆசனத்தைத் தடுத்து வைப்பது, காசைத் திருப்பிக் கொடுப்பது, அன்றைய வசூலைப் பார்ப்பது. எல்லாம் ஒரே ஜாவா ப்ரொசெஸுக்குள் ஓஎஸ்ஜிஐ பண்டில்களாக ஓடுகின்றன. ஜாவா மென்பொருளைத் தனித்தனித் துண்டுகளாகப் பிரித்து ஓட்டும் முறைதான் ஓஎஸ்ஜிஐ, அந்தத் துண்டு ஒவ்வொன்றும் ஒரு பண்டில். பயணிகளுக்கு 8080 போர்ட், கந்தோருக்கு 8090 போர்ட் என்று பிரித்துவிட்டோம். ஆனால் வசூல் பக்கத்தின் சேர்வ்லெட்டை, அதாவது அந்தப் பக்கத்துக்கு வரும் கோரிக்கைகளுக்குப் பதில் தரும் ஜாவா கிளாஸை நிறுவிப் பார்த்தால், அது இரண்டு போர்ட்டிலும் திறக்கிறது.

இதில் சேர்வரின் பிழை எதுவும் இல்லை. ஒரு போர்ட்டில் நின்று கோரிக்கைகளை ஏற்கும் சேர்வரின் பகுதிக்குக் கனெக்டர் என்று பெயர். எந்தக் கனெக்டரில் பதில் சொல்ல வேண்டும் என்று அந்த சேர்வ்லெட்டுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஓஎஸ்ஜிஐயில் முறையான வழி இருக்கிறது. அதை முதலிலிருந்து கடைசிவரை பார்ப்போம். உதாரணங்கள் ஓஎஸ்ஜிஐயை ஓட்டும் மென்பொருள்களில் ஒன்றான அப்பாச்சி ஃபெலிக்ஸில் இருக்கும். கராஃப், ஈக்வினொக்ஸ் பாவிப்பவர்களுக்குப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

கொன்ஃபிக் பெயர்களையும் அனோட்டேஷன்களையும் இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். உங்கள் கோப்புகளில் அவற்றை வழமைபோல ஆங்கில எழுத்தில் எழுதுங்கள்.

ஏன் இந்தச் சிக்கல் வருகிறது

சேர்வ்லெட் விதிமுறைக்குக் கனெக்டர் என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்தது முகவரிப் பாதை, கொன்டெக்ஸ்ட் (சேர்வ்லெட்கள் சேர்ந்து ஓடும் சூழல்), ஃபில்டர் (சேர்வ்லெட்டுக்கு முன்னால் நின்று கோரிக்கையைப் பார்க்கும் கோடு) இவ்வளவும்தான். எந்த போர்ட்டில் காது கொடுப்பது, எந்த ஐபி முகவரியில் நிற்பது என்பதெல்லாம் ஜெட்டி, டொம்காட் போன்ற சேர்வரின் வேலை. ஓஎஸ்ஜிஐயின் பழைய எச்டிடிபி சேர்விஸும் இந்த வழியில்தான் வந்தது. அதில் சேர்வ்லெட்டைப் பதியும் மெதடுக்கு நான்கு விஷயங்கள் கொடுக்கலாம்: பாதை, சேர்வ்லெட், தொடக்க அளவுருக்கள், கொன்டெக்ஸ்ட். போர்ட்டைச் சொல்ல இடமில்லை.

2015இல் வந்த ஓஎஸ்ஜிஐ கொம்பெண்டியம் 6இல் எச்டிடிபி வைட்போர்ட் என்ற புதிய முறை சேர்ந்தது. இதில் நீங்கள் சேர்வரைத் தேடிப் போய்ப் பதிவதில்லை. சேர்வ்லெட்டை ஒரு சேவையாகப் பதிவேட்டில் போட்டுவிடுகிறீர்கள், சேர்வர் வந்து எடுத்துக்கொள்கிறது. எந்த சேர்வர் எடுக்கலாம் என்பதைச் சொல்ல ஒரு பண்பும் உண்டு. அதன் பெயர் ஓஎஸ்ஜிஐ.எச்டிடிபி.வைட்போர்ட்.டார்கெட். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு பண்பைச் சுற்றித்தான். அதை எழுதாமல் விட்டால், அந்தச் செயலிக்குள் இருக்கும் எல்லா வைட்போர்ட் சேர்வர்களும் உங்கள் சேர்வ்லெட்டை எடுத்துக்கொள்ளும். வசூல் பக்கம் இரண்டு போர்ட்டிலும் திறந்ததன் காரணம் இதுதான்.

ஜாவா 9இல், 2017இல் வந்த ஜாவாவின் சொந்த மொடியூல் முறை இதற்கு உதவுமா என்று சிலர் கேட்பதுண்டு. உதவாது. எந்தப் பக்கேஜை யார் பார்க்கலாம் என்பதைத்தான் அது கட்டுப்படுத்துகிறது. ஓடிக்கொண்டிருக்கும் சேர்வரோடு சேர்வ்லெட்டை இணைப்பது அதன் வேலையல்ல.

செய்யக் கூடாத ஒன்று

சேர்வ்லெட்டுக்குள்ளேயே போர்ட்டைச் சோதிப்பதுதான் அநேகர் முதலில் கை வைக்கும் வழி. கெட்சேர்வர்போர்ட் மெதடைக் கூப்பிட்டு, 8090 இல்லையென்றால் 404, அதாவது பக்கம் இல்லை என்ற பதிலை அனுப்பிவிடுவார்கள். பார்க்கச் சரியாகத்தான் தெரியும். ஆனால் கெட்சேர்வர்போர்ட் தரும் எண், வந்த கோரிக்கையின் ஹோஸ்ட் ஹெடரிலிருந்து, அதாவது எந்த முகவரிக்கு என்று சொல்லும் வரியிலிருந்து எடுக்கப்படுவது. அந்த ஹெடரை எழுதுவது எதிர்ப்பக்கத்தில் இருப்பவர். கர்ல் கட்டளையில் ஹோஸ்ட் ஹெடரின் முடிவில் 8090 என்று போட்டு, கோரிக்கையை 8080க்கு அனுப்பிப் பாருங்கள். சேர்வ்லெட் அதை நம்பி வசூல் கணக்கைக் கொடுத்துவிடும்.

கெட்லோக்கல்போர்ட் வேறு. கோரிக்கை உண்மையில் எந்த சொக்கெட்டில் வந்ததோ அந்த எண்ணை அது தரும். கட்டாயம் கோடுக்குள் பார்க்கத்தான் வேண்டும் என்றால் அதைப் பாவியுங்கள். ஆனாலும் அது ஒவ்வொரு சேர்வ்லெட்டிலும் நினைவாக எழுத வேண்டிய ஒரு வரி. அடுத்த மாதம் புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளை ஒரு சேர்வ்லெட் எழுதும்போது அந்த வரியை மறந்தால், அந்தப் பக்கம் ஊருக்கே திறந்திருக்கும். மறந்தால் திறக்கும் ஏற்பாடு வேண்டாம், மறந்தால் மூடியிருக்கும் ஏற்பாடுதான் வேண்டும். கீழே எடுக்கும் முடிவுகள் எல்லாம் இந்த ஒன்றை வைத்துத்தான்.

படி 1: இரண்டு சேர்வரா, ஒரு சேர்வரில் இரண்டு கனெக்டரா

ஒரே ஜெட்டிக்குள் இரண்டு கனெக்டர் வைக்கலாம். அல்லது ஒரே ஜாவா செயலிக்குள் இரண்டு ஜெட்டி சேர்வர்களை, ஒவ்வொன்றுக்கும் ஒரு கனெக்டராக வைக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். உள்ளே உள்ள வித்தியாசம் பெரியது.

ஒரே சேர்வரில் இரண்டு கனெக்டர் வைத்தால், தனியாக ஏற்பாடு செய்யாத வரைக்கும் இரண்டும் ஒரே திரெட் பூலை, அதாவது கோரிக்கைகளைக் கவனிக்கும் திரெட்களின் தொகுதியைப் பகிர்ந்துகொள்ளும். ஜெட்டியின் பூலுக்கு இயல்பான உச்ச அளவு 200 திரெட். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கொழும்பிலிருந்து வருவதற்கும் திரும்புவதற்கும் ஆட்கள் ஆசனம் தேடுவார்கள். தேர், தீர்த்தம் நெருங்கும்போது 8080இல் அந்த 200ம் நிரம்பிப்போனால், கந்தோர்க்காரரின் 8090ம் சேர்ந்து நிற்கும். பிரச்சினையைப் பார்க்க உள்ளே போக வேண்டிய நேரத்தில் உள்ளே போகும் வழியும் அடைபட்டிருக்கும்.

இரண்டு சேர்வர் வைத்தால் திரெட் பூலும் இரண்டு, செஷன்களும் தனித்தனி. நினைவகம் கொஞ்சம் கூடுதலாகப் போகும், அவ்வளவுதான். உள் சேர்வரின் பூலைச் சின்னதாக வைக்கலாம், ஆனால் மிகவும் குறைத்துவிடாதீர்கள். இணைப்புகளை ஏற்பதற்கும் கவனிப்பதற்கும் ஜெட்டியே சில திரெட்களை எடுத்துக்கொள்ளும். மிச்சம் போதாவிட்டால் திரெட் பற்றாக்குறை என்று லொக்கில் எழுதிவிட்டு சேர்வர் எழும்பாமலே நிற்கும்.

வைட்போர்ட்டின் டார்கெட் பண்பு தேர்ந்தெடுப்பது கனெக்டரை அல்ல, முழு சேர்வரை, அதாவது எச்டிடிபி சேர்விஸ் ரன்டைம் என்ற சேவையை. ஆகவே ஃபெலிக்ஸில் ஒரு கனெக்டருக்கு ஒரு சேர்வர் என்று வைத்துக்கொள்வதுதான் நேர்வழி. நான் இரண்டு சேர்வர் முறையையே பரிந்துரைக்கிறேன்.

படி 2: இரண்டு சேர்வர்களையும் எழுப்பி, பெயர் ஒட்டுவது

ஃபெலிக்ஸ் ஜெட்டி பண்டிலின் கொன்ஃபிக் அடையாளம் ஓஆர்ஜி.அப்பாச்சி.ஃபெலிக்ஸ்.எச்டிடிபி. முதல் சேர்வர் இந்தப் பெயரிலேயே கொன்ஃபிக் எடுக்கும். மேலதிக சேர்வர்களுக்கு இதே பெயரை ஃபக்டரி கொன்ஃபிக்காக, அதாவது ஒவ்வொரு கொன்ஃபிக்குக்கும் ஒரு புதிய சேர்வர் எழும்பும் வகையாகப் பாவிக்க வேண்டும். கோப்புகளிலிருந்து கொன்ஃபிக்கை வாசிக்கும் ஃபைல் இன்ஸ்டோல் பண்டில் வைத்திருந்தால் இரண்டு கோப்புகள் போதும். ஒன்று அந்த அடையாளமும் சிஎஃப்ஜி நீட்சியும் மட்டும். மற்றது அதே அடையாளம், பிறகு ஒரு சிறு கோடு, பிறகு நீங்கள் விரும்பிய பெயர்.

பயணிகள் பக்கத்துக்கான கோப்பு:

    ஓஆர்ஜி.ஓஎஸ்ஜிஐ.சேர்விஸ்.எச்டிடிபி.போர்ட் = 8080
    ஓஆர்ஜி.அப்பாச்சி.ஃபெலிக்ஸ்.எச்டிடிபி.ஹோஸ்ட் = 127.0.0.1
    ஓஆர்ஜி.அப்பாச்சி.ஃபெலிக்ஸ்.எச்டிடிபி.ரன்டைம்.இனிட்.வாசல் = வெளி

கந்தோர் பக்கத்துக்கான கோப்பு:

    ஓஆர்ஜி.ஓஎஸ்ஜிஐ.சேர்விஸ்.எச்டிடிபி.போர்ட் = 8090
    ஓஆர்ஜி.அப்பாச்சி.ஃபெலிக்ஸ்.எச்டிடிபி.ஹோஸ்ட் = 192.168.1.10
    ஓஆர்ஜி.அப்பாச்சி.ஃபெலிக்ஸ்.எச்டிடிபி.ரன்டைம்.இனிட்.வாசல் = உள்

மூன்றாவது வரிதான் முக்கியம். ரன்டைம்.இனிட் என்று முடியும் முன்னொட்டோடு எதை எழுதினாலும், ஃபெலிக்ஸ் அந்த முன்னொட்டைக் கழற்றிவிட்டு மிச்சத்தை அந்த சேர்வரின் ரன்டைம் சேவையில் ஒரு பண்பாக ஒட்டிவிடும். ஆகவே முதல் சேர்வர் வாசல்=வெளி என்ற அடையாளத்தோடும், இரண்டாவது வாசல்=உள் என்ற அடையாளத்தோடும் பதிவேட்டில் நிற்கும்.

டார்கெட்டில் போர்ட் எண்ணை வைத்தே பொருத்தலாமே என்று தோன்றும். வேண்டாம். போர்ட் மாறும். சோதனை மெஷினில் ஒன்று, உண்மையான சேர்வரில் வேறு என்று இருக்கும். வாசலின் பெயர் மாறாது. சேர்வ்லெட் எழுதுபவருக்கு எந்த எண் என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஹோஸ்ட் வரியை எழுதாமல் விட்டால் சேர்வர் அந்த மெஷினின் எல்லா முகவரியிலும் நிற்கும். பயணிகள் பக்கத்துக்கு முன்னால் அதே மெஷினில், வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் என்ஜின்எக்ஸ் சேர்வர் இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் 127.0.0.1 போட்டிருக்கிறேன். கந்தோர் பக்கம் உள் வலையமைப்பின் முகவரியில் நிற்கிறது. இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. கரண்ட் போய் வந்து ரவுட்டர் திரும்ப எழும்பும்போது மெஷினுக்கு வேறு முகவரி கிடைத்தால், 192.168.1.10இல் நிற்க முடியாமல் ஜெட்டி விழும். ரவுட்டரிலேயே அந்த மெஷினுக்கு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டுத்தான் மற்ற வேலையைப் பாருங்கள்.

அடுத்தது வைஃபை. பஸ் புக்கிங் கந்தோர்களில் காத்திருக்கும் பயணிகளுக்கும் அதே வைஃபையின் பாஸ்வேர்டைக் கொடுப்பது வழக்கம். அப்படியென்றால் உள் வலையமைப்பு உண்மையில் உள் அல்ல. வாடிக்கையாளருக்குத் தனி வைஃபை கொடுங்கள். முடியாவிட்டால் 8090ஐயும் 127.0.0.1இல் கட்டிவிட்டு எஸ்எஸ்எச் சுரங்கம் (அந்த மெஷினுக்குள் போகும் மறையாக்கப்பட்ட இணைப்பு) வழியாகப் போங்கள். எந்த நிலையிலும் லொகின் வேண்டும். யார் வந்து தட்டலாம் என்பதைத்தான் கனெக்டர் தீர்மானிக்கிறது. வந்தவர் யார் என்று அதற்குத் தெரியாது.

படி 3: சேர்வர்கள் எழும்பியதா என்று பார்ப்பது

சேர்வ்லெட்டைத் தொடுவதற்கு முன் இதை முடித்துவிடுங்கள். லினக்ஸில் எஸ்எஸ் கட்டளையை எல்டிஎன் தெரிவோடு ஓட்டினால், காது கொடுக்கும் போர்ட்கள் முகவரியோடு வரும். 127.0.0.1:8080, 192.168.1.10:8090 என்ற இரண்டு வரிகளும் தெரிய வேண்டும். 8080க்கு முன்னால் நட்சத்திரக் குறியோ 0.0.0.0ஓ இருந்தால் உங்கள் கொன்ஃபிக் வாசிக்கப்படவில்லை. கொன்ஃபிக் எதுவும் இல்லாவிட்டாலும் ஃபெலிக்ஸ் தானாகவே 8080இல் எல்லா முகவரியிலும் எழும்பும் என்பதால், போர்ட் எண்ணை மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்று நினைத்துவிடாதீர்கள்.

பிறகு ஃபெலிக்ஸின் கட்டளைத் திரையான கோகோ ஷெல்லில் சேவைகளைப் பட்டியலிட்டு எச்டிடிபி சேர்விஸ் ரன்டைமைத் தேடுங்கள். இரண்டு இருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஓஎஸ்ஜிஐ.எச்டிடிபி.எண்ட்பொயின்ட் என்ற பண்பில் முகவரியும், நீங்கள் ஒட்டிய வாசல் என்ற பண்பும் தெரிய வேண்டும். வாசல் தெரியவில்லையென்றால் முன்னொட்டில் எழுத்துப்பிழை இருக்கும்.

படி 4: சேர்வ்லெட்டில் டார்கெட் எழுதுவது

அனோட்டேஷன் மூலம் சேவைகளைப் பதியும் ஓஎஸ்ஜிஐ முறையான டிக்ளரேட்டிவ் சேர்விசஸ் பாவிப்பவர்களுக்கு இது மூன்று அனோட்டேஷன் வேலை. ஓஎஸ்ஜிஐ 7இல், 2018இல், இவற்றுக்கென்றே தனி அனோட்டேஷன்கள் வந்தன. வசூல் சேர்வ்லெட்டின் தலைப்பகுதி இப்படி இருக்கும்:

    @கொம்போனன்ட்(சேர்விஸ் = சேர்வ்லெட்.கிளாஸ், ஸ்கோப் = ப்ரோட்டோடைப்)
    @எச்டிடிபிவைட்போர்ட்சேர்வ்லெட்பட்டர்ன்("/வசூல்/*")
    @எச்டிடிபிவைட்போர்ட்டார்கெட்("(வாசல்=உள்)")

அதற்குக் கீழே வழமையான எச்டிடிபி சேர்வ்லெட் கிளாஸ். உள்ளே போர்ட் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. 7க்கு முந்தைய பதிப்பில் இருந்தால் கொம்போனன்ட் அனோட்டேஷனின் ப்ராப்பர்ட்டி பகுதியில் ஓஎஸ்ஜிஐ.எச்டிடிபி.வைட்போர்ட்.டார்கெட்=(வாசல்=உள்) என்று எழுதுங்கள். விளைவு ஒன்றுதான்.

ஸ்கோப்பை ப்ரோட்டோடைப் ஆக வைப்பது, ஒரே சேர்வ்லெட் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் எடுக்கப்பட்டால் ஒவ்வொரு இடத்துக்கும் தனிப் பொருள் கிடைக்க. இப்போது ஒரே வாசல்தான் என்றாலும் தொடக்கத்திலேயே இப்படி எழுதிப் பழகுங்கள்.

டார்கெட்டில் அடைப்புக்குறிக்குள் எழுதும் பொருத்த நிபந்தனைக்கும் ஃபில்டர் என்றுதான் பெயர். அதை எழுதும் விதத்தில் கவனம் வேண்டும். வெளி இல்லாத எல்லாம் என்ற பொருளில் (!(வாசல்=வெளி)) என்றும் எழுதலாம், அதுவும் வேலை செய்யும். ஆனால் ஒரு நாள் வெளி சேர்வரின் கொன்ஃபிக் கோப்பு வாசிக்கப்படாமல் போனால் என்ன நடக்கும்? மேலே சொன்னபடி ஃபெலிக்ஸ் 8080இல் அடையாளம் எதுவும் ஒட்டப்படாத ஒரு சேர்வரை எழுப்பும். அதில் வாசல் என்ற பண்பே இல்லை, ஆகவே மறுப்பு ஃபில்டர் அதோடு பொருந்திவிடும். வசூல் பக்கம் நேரே வெளியே போய்விடும். (வாசல்=உள்) என்று எழுதியிருந்தால் அதே நிலையில் அது எங்கேயும் திறக்காது. எப்போதும் நேராக, இது வேண்டும் என்றே எழுதுங்கள்.

பயணிகள் பக்க சேர்வ்லெட்களுக்கும் (வாசல்=வெளி) என்று எழுதிவிடுங்கள். உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் ஹெல்த் செக் போன்றவை இரண்டிலும் வேண்டும் என்றால் (வாசல்=*) போதும். பண்புப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் ஓஎஸ்ஜிஐக்கு இல்லை. மதிப்பில் உண்டு. மதிப்பை எங்கும் சிறிய எழுத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: கூட வருபவற்றுக்கும் டார்கெட்

சேர்வ்லெட் தனியாக வருவதில்லை. லொகின் பார்க்கும் ஃபில்டர், படங்களையும் ஸ்டைல் கோப்புகளையும் தரும் ரிசோர்ஸ் சேவை, லிஸனர்கள், சேர்வ்லெட் கொன்டெக்ஸ்ட் ஹெல்பர் எல்லாமே வைட்போர்ட்டில் தனித்தனிச் சேவைகள். ஒவ்வொன்றுக்கும் சொந்த டார்கெட் உண்டு. சேர்வ்லெட்டின் டார்கெட் மற்றவற்றுக்குத் தானாகப் போகாது.

கவனமாகப் பார்க்க வேண்டியது கொன்டெக்ஸ்ட் ஹெல்பர், அதாவது சேர்வ்லெட்கள் ஓடும் கொன்டெக்ஸ்டை உருவாக்கும் சேவை. கந்தோர் என்ற பெயரில் ஒரு ஹெல்பர் வைத்து, அதன் ஹேண்டில்செக்யூரிட்டி மெதடில் லொகின் பார்க்கிறீர்கள் என்று வைப்போம். வசூல் சேர்வ்லெட் உள் வாசலில். ஹெல்பரின் டார்கெட்டில் தவறுதலாக வெளி என்று இருந்தால், உள் சேர்வரில் அந்தப் பெயரில் கொன்டெக்ஸ்ட் இருக்காது, சேர்வ்லெட் எடுபடாது. இது நல்ல விதமான தோல்வி. அடுத்த பகுதியில் பார்ப்பதுபோல காரணமும் தெரியும்.

மோசமான தோல்வி லொகின் ஃபில்டரில் வரும். சேர்வ்லெட் இரண்டு வாசலிலும் இருந்து, லொகின் ஃபில்டர் மட்டும் உள் வாசலில் இருந்தால், வெளியே லொகின் இல்லாமல் பக்கம் திறக்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. பாதுகாப்பு ஃபில்டர்களுக்கு மட்டும் டார்கெட் எழுதாமல் எல்லா வாசலிலும் ஓட விடுவது நல்லது என்று நினைக்கிறேன். கூடுதலாக ஒரு இடத்தில் காவல் நின்றால் நட்டமில்லை.

படி 6: வேலை செய்யாதபோது எங்கே பார்ப்பது

ஆட்கள் அதிக நேரம் தொலைப்பது இங்கேதான். பண்டில் அக்டிவ் என்று காட்டும், லொக் சுத்தமாக இருக்கும், 8090இல் 404 மட்டும் வரும்.

காரணம் இதுதான். டார்கெட் ஃபில்டர் பொருந்தாத சேவையை சேர்வர் ஒரு தோல்வியாகக் கருதாது. அது தனக்கு வந்ததே இல்லை என்று விட்டுவிடும். ரன்டைம் சேவையிடம் கெட்ரன்டைம்டிடிஓ கேட்டால் எடுத்த சேர்வ்லெட்களும், எடுக்கப் பார்த்துத் தோற்ற சேர்வ்லெட்களும் பட்டியலாக வரும். டார்கெட் பொருந்தாத சேர்வ்லெட் இரண்டு பட்டியலிலும் இருக்காது. அந்த மௌனத்தையே ஒரு குறிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தோல்விப் பட்டியலில் இருந்தால் டார்கெட் சரி, பிரச்சினை வேறு எங்கோ. காரணம் ஒரு எண்ணாக வரும். 1 என்றால் பொருந்தும் கொன்டெக்ஸ்ட் இல்லை, அதாவது படி 5இல் சொன்ன ஹெல்பர் சிக்கல். 3 என்றால் அதே பாதையை வேறொரு சேர்வ்லெட் பிடித்து வைத்திருக்கிறது. 4 என்றால் தொடக்க மெதடில் எக்ஸப்ஷன். 6 என்றால் பண்புகளில் ஏதோ செல்லாதது.

இரண்டு பட்டியலிலும் இல்லையென்றால் ஷெல்லில் எஸ்சிஆர் லிஸ்ட் கட்டளையைப் போட்டு அந்தக் கொம்போனன்டின் நிலையைப் பாருங்கள். அக்டிவ் என்றிருந்தால் யாரோ எடுத்திருக்கிறார்கள். சட்டிஸ்ஃபைட் என்று மட்டும் நின்றால் அது தயாராக இருக்கிறது, எடுக்கத்தான் ஆளில்லை. அப்போது பார்க்க வேண்டியவை மூன்று.

முதலாவது வாசலின் மதிப்பு. கொன்ஃபிக்கில் ஒரு விதமாகவும் அனோட்டேஷனில் இன்னொரு விதமாகவும் எழுதியிருப்பீர்கள். சிஎஃப்ஜி கோப்பின் வரி முடிவில் ஒட்டியிருக்கும் ஒரு வெற்றிடமும் மதிப்பின் பகுதியாகிவிடலாம்.

இரண்டாவது, உள் சேர்வரே எழும்பியிருக்காது. 8090ஐ வேறு செயலி பிடித்திருந்தால் ஜெட்டி விழுந்ததற்கான எக்ஸப்ஷன் லொக்கில் இருக்கும். ஆனால் அது மேலே எங்கோ, தொடக்கத்தில் இருக்கும். சேர்வ்லெட் பக்கத்தில் எதுவும் தெரியாது. இந்த நிலையில் சேர்வர் சரியானவுடன் சேர்வ்லெட் தானாகவே போய் ஒட்டிக்கொள்ளும், பண்டிலைத் திரும்பத் தொடங்கத் தேவையில்லை.

மூன்றாவது பக்கேஜ் பெயர். 2020இல் வந்த ஜகார்த்தா ஈஈ 9இல் சேர்வ்லெட்டின் பக்கேஜ் ஜாவாஎக்ஸ் என்பதிலிருந்து ஜகார்த்தா என்பதற்கு மாறியது. ஓஎஸ்ஜிஐ பக்கத்தில் கொம்பெண்டியம் 8.1 அதைப் பின்தொடர்ந்தது. நீங்கள் பழைய பெயரில் சேவையைப் பதிந்து, சேர்வர் புதிய பெயரை மட்டும் தேடினால் இரண்டும் ஒன்றையொன்று காணவே மாட்டா. அறிகுறி டார்கெட் பிழைபோலவே இருப்பதால் ஆட்கள் ஃபில்டரையே திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டிருப்பார்கள். இம்போர்ட் வரியைப் பார்த்தால் உடனே விளங்கிவிடும்.

கராஃப் பாவிப்பவர்களுக்கு

கராஃபில் வெப் பக்கங்களைக் கவனிப்பது பேக்ஸ் வெப் என்ற பண்டில் தொகுதி. இயல்பான போர்ட் 8181. அங்கே ஒரே ஜெட்டியில் பல கனெக்டர் என்பதுதான் வழக்கம். ஈடிசி கோப்புறையில் உள்ள ஜெட்டி எக்ஸ்எம்எல் கோப்பில் இரண்டாவது கனெக்டரைச் சேர்த்து, அதற்கு ஒரு பெயர் கொடுக்க வேண்டும். பெயர் கொடுக்காத கனெக்டரை எதனாலும் குறிப்பிட முடியாது. உங்கள் பக்கங்கள் வெப் அப்ளிகேஷன் பண்டிலாக இருந்தால், மெனிஃபெஸ்டில் வெப்-கனெக்டர்ஸ் என்ற ஹெடரில் அந்தப் பெயரை எழுதுங்கள். வெப்-வேர்ச்சுவல்ஹோஸ்ட்ஸ் என்ற ஹெடரும் உண்டு. அது ஹோஸ்ட் பெயரை வைத்துப் பிரிப்பது. ஹோஸ்ட் பெயரை எழுதுவது எதிர்ப்பக்கம் என்பதை மேலே பார்த்தோம். ஆகவே காவலுக்கு அதை நம்ப வேண்டாம்.

ஜெட்டியை நேரே கோடில் எழுப்புபவர்கள் கனெக்டருக்கு செட்நேம் மூலம் பெயர் கொடுத்து, கொன்டெக்ஸ்டின் வேர்ச்சுவல் ஹோஸ்ட் பட்டியலில் அந்தப் பெயரை முன்னால் @ குறியோடு எழுத வேண்டும்: @உள் என்பதுபோல. ஜெட்டி 9க்கு முன்பு இதற்கென செட்கனெக்டர்நேம்ஸ் என்று தனி மெதடே இருந்தது. இணையத்தில் கிடைக்கும் பழைய பதில்கள் பல அதைத்தான் சொல்கின்றன. இப்போது அந்த மெதட் இல்லை. வேர்ச்சுவல் ஹோஸ்ட் எதுவும் எழுதாத கொன்டெக்ஸ்ட் எல்லாக் கனெக்டரிலும் திறக்கும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். இங்கே மறந்தால் திறந்திருக்கும், ஃபெலிக்ஸில் டார்கெட்டை மறப்பதுபோலவேதான்.

ஈக்வினொக்ஸிலும் ஃபக்டரி கொன்ஃபிக் மூலம் பல ஜெட்டிகளை எழுப்பலாம். அடையாளம் ஒட்ட அதர்.இன்ஃபோ என்ற பண்பு இருக்கிறது. மிச்சம் மேலே சொன்ன அதே யோசனைதான்.

குக்கி மோதல்

போர்ட்டைப் பிரித்தபின் வரும் ஒரு விசித்திரமான முறைப்பாடு: பயணிகள் பக்கத்தை இன்னொரு டேபில் திறந்தவுடன் கந்தோர் பக்கத்திலிருந்து லொக்அவுட் ஆகிவிடுகிறது.

ப்ரவுசர் குக்கிகளை ஹோஸ்ட் பெயரை வைத்துத்தான் பிரிக்கிறது, போர்ட்டை வைத்தல்ல. குக்கி பற்றிய ஆர்எஃப்சி 6265இலேயே இது எழுதப்பட்டிருக்கிறது. ஒரே ஹோஸ்ட் பெயரில் இரண்டு போர்ட்களைத் திறந்தால் இரண்டு சேர்வரும் ஜேசெஷன்ஐடி என்ற ஒரே பெயரில் குக்கி அனுப்பும், பிந்தி வந்தது முந்தியதை அழிக்கும். கூடவே வெளிப் பக்கத்துக்குப் போகும் கோரிக்கைகளில் கந்தோர் செஷனின் குக்கியும் சேர்ந்து போகும். அது வெறும் தொல்லை மட்டுமல்ல.

கந்தோர் பக்கத்துக்கு வேறு ஹோஸ்ட் பெயர் கொடுப்பதுதான் சுத்தமான தீர்வு. உடனடியாக முடியாவிட்டால் உள் சேர்வரின் கொன்ஃபிக்கில் ஓஆர்ஜி.எக்லிப்ஸ்.ஜெட்டி.சேர்வ்லெட்.செஷன்குக்கி என்ற பண்பில் வேறு குக்கிப் பெயர் எழுதுங்கள். லொக்அவுட் தொல்லை நிற்கும். ஆனால் குக்கி மற்ற போர்ட்டுக்குப் போவது நிற்காது.

மற்றவர்கள் எழுதிய பண்டில்கள்

உங்கள் சேர்வ்லெட்களுக்கு நீங்கள் டார்கெட் எழுதிவிட்டீர்கள். வெளியிலிருந்து எடுத்து நிறுவிய பண்டில்களில் அது இருக்காது, அவை எல்லா வாசலிலும் வந்து நிற்கலாம். முதலில் பார்க்க வேண்டியது ஃபெலிக்ஸ் வெப் கொன்சோல். அது சிஸ்டம்/கொன்சோல் என்ற பாதையில் திறக்கும். மாற்றாவிட்டால் பெயரும் பாஸ்வேர்டும் இரண்டுமே அட்மின்தான். அதன் உள்ளே போனவர் பண்டில்களை நிறுத்தலாம், புதியதை நிறுவலாம். பாஸ்வேர்டை மாற்றுங்கள். அதோடு என்ஜின்எக்ஸில் எல்லாப் பாதையையும் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே அனுப்பாமல், பயணிகளுக்குத் தேவையான பாதைகளை மட்டும் பெயர் சொல்லி அனுப்பி, மிச்சத்துக்கு 404 கொடுங்கள்.

கடைசிப் படி: வெளியில் நின்று தட்டிப் பார்ப்பது

சேர்வர் மெஷினிலிருந்து சோதித்தால் உண்மை தெரியாது. ஃபோனின் மொபைல் டேட்டாவில் இன்னொரு மெஷினை இணைத்து அதிலிருந்து பாருங்கள். பொது முகவரியில் 8090க்குப் போனால் இணைப்பே கிடைக்கக் கூடாது. பொதுத் தளத்தின் பெயரில் வசூல் பாதையைத் திறந்தால் 404 வர வேண்டும். 403 (அனுமதி இல்லை) வந்தால், யாரோ ஒரு இடத்தில் மறிக்கிறார்கள், ஆனால் பக்கம் அங்கே இருக்கிறது என்று பொருள். எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பிடியுங்கள்.

பிறகு சேர்வர் மெஷினிலேயே நின்று, என்ஜின்எக்ஸைத் தாண்டி 127.0.0.1:8080க்கு நேரே வசூல் பாதையைக் கேளுங்கள். முதலில் சாதாரணமாக, அடுத்து ஹோஸ்ட் ஹெடரில் உள் முகவரியையும் 8090ஐயும் போட்டு. இரண்டு தரமும் 404 வர வேண்டும். 192.168.1.10:8090இல் அதே பாதை லொகின் பக்கத்துக்குப் போக வேண்டும்.

இந்தச் சோதனைகளை ஒரு சின்ன ஸ்கிரிப்டாக எழுதி, புதிய பதிப்பு ஏற்றும் ஒவ்வொரு முறையும் தானாக ஓடும்படி வைத்துவிடுங்கள். உள் வாசலுக்குரிய பாதைகளின் பட்டியலைக் கையால் எழுதாமல், உள் சேர்வரின் கெட்ரன்டைம்டிடிஓவில் இருந்தே எடுங்கள். இரண்டு வாசலுக்கும் பொதுவான ஹெல்த் செக் பாதையை மட்டும் கழித்துவிட்டு, மிச்சம் ஒவ்வொன்றையும் 8080இல் தட்டட்டும். 404 தவிர வேறு எது வந்தாலும் பதிப்பு ஏறாமல் நிற்கட்டும். அப்போது அடுத்த மாதம் சேரும் பிள்ளை டார்கெட்டை மறந்தாலும், அந்த சேர்வ்லெட் இரண்டு வாசலிலும் நிற்பது ஏற்றும்போதே பிடிபட்டுவிடும்.